என்ன கண்ணு சொன்னான்?

"என்ன கண்ணு சொன்னான்?"

எங்கள் வீட்டு ஹாலில் ஏழெட்டு வருடமாக ஓயாமல் கேட்ட கேள்வி இது. டிவியில் படம் ஓடும். யாரோ யாரிடமோ முக்கியமாக ஏதோ சொல்வான். அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போயிருக்கும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவேன். இரண்டு நிமிடத்தில் சண்டை தொடங்கி ஜன்னல் கண்ணாடி அதிரும், உள்ளறையில் படித்துக்கொண்டிருக்கும் மகள் "அப்பா!" என்று கத்துவாள், குறைப்பேன். சண்டை முடிந்து கதாநாயகன் யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் பேசத் தொடங்குவான். "என்ன கண்ணு சொன்னான்?"

ஹோம் தியேட்டர் ஆசை எனக்கு இதனால் வந்ததில்லை. அது அதற்கும் முன்பே தனியாக இருந்தது. ஈரோட்டிலிருந்து கோவைக்கு வேலையாகப் போன ஒரு நாள், ஒரு கடையின் டெமோ அறையில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தியதும் வெளியே பஸ் ஹாரன் சட்டென்று அறுந்தது. சுவரெல்லாம் துணி போர்த்திய பலகை, கால் புதையும் கார்ப்பெட், ஏசி ஓடுவதே காதில் விழவில்லை. ஒரு மழைக் காட்சியைப் போட்டார்கள். மழை எனக்கு மேலே பெய்தது. பின்னால் யாரோ செருப்பு சரசரக்க நடந்து வர, நான் நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். வெளியே வந்ததும் கடைக்காரர் கேட்டார்: "ரூம் என்ன சைஸுங்க சார்?" "பதினெட்டுக்குப் பதினொண்ணு" என்றேன். பொய்யில்லை, ஆனால் முழு அளவும் இல்லை. அவர் அந்தச் செவ்வகத்துக்கு 7.1.4 என்று எழுதித் தந்தார். சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர், கூரையில் நான்கு. ஃபால்ஸ் சீலிங் வேலையோடு சேர்த்து 3.5 லட்சத்தைத் தாண்டியது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்தத் தாள் அடுத்த நான்கு மாதம் என்னைத் தூங்க விடவில்லை.

கோமுகி மனை

வீடு 1994-ல் அப்பா கட்டியது. மனை கோமுகி. முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் அகன்றது. குடியிருக்கக் கோமுகி நல்லது என்று பெரியவர்கள் சொல்ல, அப்பா மனையின் கோணலை ஒட்டியே சுவரை எழுப்பிவிட்டார். அதனால் ஹாலின் வடக்குச் சுவர் நேராக ஓடாது. கிழக்கே வாசல் பக்கம் 11 அடி அகலம், மேற்கு முனையில் 12.5 அடி. நீளம் 18 அடி. அந்த மேற்கு முனையில் ஹால் தெற்கே மடங்கி 9-க்கு 9 அடியில் சாப்பாட்டு இடமாகிறது. இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, கூரையிலிருந்து முக்கால் அடி இறங்கிய ஒரு பீம் மட்டும். மேலிருந்து பார்த்தால் ‘ட’ எழுத்தைப் படுக்கப் போட்டதுபோல இருக்கும். சாப்பாட்டு இடத்தின் ஓரத்தில் மாடிப்படி, அதையொட்டிச் சமையலறைக் கதவு. ஹாலின் நடுவில் ஃபேன்.

டிவி என்று ஒன்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது வடக்குச் சுவரில்தான். சோபா எதிரே, வாசலை அடுத்த பாதியில், தெற்குச் சுவரோடு ஒட்டியிருந்தது. இந்த அமைப்பை மாற்ற முடியும் என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை. கிராஃப் தாள் வாங்கி, ஒரு கட்டம் அரை அடி என்று கணக்கு வைத்து, இரவுகளில் வரைந்துகொண்டிருந்தேன். 5.1-க்கு, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைப்பதற்கு, ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைதான் எல்லோருக்கும் அடிப்படை. நடு ஸ்பீக்கர் நேரெதிரே, இடமும் வலமும் 30 டிகிரியில், சரவுண்டு இரண்டும் 110 டிகிரியில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். 7.1 என்றால் அதற்கும் பின்னே 135-லிருந்து 150 டிகிரிக்குள் இன்னும் இரண்டு. என் சோபாவுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. பின் ஸ்பீக்கர் இரண்டும் முதல் இரவிலேயே போயின.

சரவுண்டு அதைவிடப் பெரிய தலைவலி. சோபாவின் நடுவில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால் வலப்பக்கச் சுவர், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, 4.5 அடியில். இடப்பக்கச் சுவர் 13.5 அடிக்கு அப்பால். மூன்று மடங்கு தூரம். தூரம் இரட்டித்தால் திறந்தவெளியில் ஒலி 6 டெசிபல் இறங்கும். அறைக்குள் எதிரொலி சேர்வதால் அவ்வளவு இறங்காது என்றாலும், ஒரு காதில் கத்தலும் மறு காதில் முனகலுமாகத்தான் இருக்கும். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் இதைச் சரிக்கட்டும் என்பார்கள். உண்மைதான். ஒலி ஓர் அடி கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்டு ஆகிறது. பக்கத்து ஸ்பீக்கரை 8 மில்லிசெகண்டு தாமதப்படுத்தி, அளவைக் குறைத்துவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வலுவில் வந்து சேரும். ஆனால் ஒரு தலைக்குத்தான். சோபாவில் மூன்றடி தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதைப் படித்தபோது தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போனேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

கூரையில் நான்கு என்ற கனவு ஃபேனில் இடித்தது. எங்களுடையது கான்கிரீட் கூரை, துளைத்து ஸ்பீக்கர் பதிக்க இடமில்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டால் 10 அடி உயரம் ஒன்பதரைக்குக் கீழே போகும், கோடையில் ஃபேன் காற்றும் மாறும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறைக்கு அட்மாஸ் என்று பெயர். அதற்கு, மேல்நோக்கி அடித்துக் கூரையில் பட்டுத் திரும்பும் பெட்டிகளும் உண்டு. 10 அடி சமதளக் கூரை அதற்கு நல்ல உயரம்தான். ஆனால் ஒலி பட்டுத் திரும்ப வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் மூன்று இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஈரோட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அட்மாஸை விட்டுவிட்டேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

ஒயர் நாற்காலி

‘ட’ மடங்கும் மூலையில், தெற்குச் சுவர் முடியும் இடத்தில், ஒயர் பின்னிய பழைய நாற்காலி ஒன்று கிடக்கும். அம்மாவின் இடம் அது. சோபாவில் உட்காரச் சொன்னால் "அதுல உக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல சாமி" என்று சொல்லிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பெருந்துறையில் சித்தி வீட்டுச் சீருக்குப் போயிருந்தார். நான் டேப்பைப் பிடித்து ஏழாவது தடவையாக அதே சுவர்களை அளந்துகொண்டிருந்தேன். டிவியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. கால் வலித்தது. பக்கத்தில் இருந்ததால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எனக்கும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டது. ஆண் பேசுகிறான், பெண் அழுகிறாள், வயலின் வருகிறது, எல்லாம் தெரிந்தது. வார்த்தை மட்டும் பிடிபடவில்லை. என் காதுக்கு ஒரு குறையும் கிடையாது, இந்த மாதிரி விஷயத்தில் மற்றவர்களைவிடக் கூர்மையான காது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அந்தக் காதை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்து, திரையில் அசையும் வாய்களைப் பார்த்து வார்த்தைகளை ஊகித்துக்கொண்டிருந்தேன். எழுந்து சோபாவுக்கு வந்தேன். ஓரளவு தெளிவானது. திரும்ப நாற்காலிக்குப் போனேன். கரைந்தது. நாலைந்தடி தூரத்தில் இருந்துகொண்டு ஏழெட்டு வருடமாக அம்மாவிடம் "காது மந்தமாயிடுச்சும்மா" என்று சொல்லியிருக்கிறேன். மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் சோதித்தோம். வயதுக்கு ஏற்ற குறைவு இருக்கிறது என்றார், கருவியும் வாங்கினோம். வெளியே போகும்போது போட்டுக்கொள்வார், வீட்டுக்கு வந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். குறைவு இருப்பது உண்மை. ஆனால் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த ஒலியே சிதைந்த ஒலி என்பதை நான் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து கேட்டுப் பார்க்கவில்லை.

என்ன நடக்கிறது என்று அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று படித்தோமே, பேச்சின் ஒலியும் அப்படித்தான் பிரிகிறது. உயிரெழுத்துகளில்தான் வலு. ஆ, ஓ, ஏ எல்லாம் தாழ்ந்த அலைவரிசையில் நீண்டு ஒலிப்பவை, சுவர் தாண்டியும் கேட்கும். மெய் மெலிந்தது, நொடிப்பொழுதில் மறைவது. ‘ச’வின் உரசலும் வல்லினம் வெடிக்கும் அந்தக் கணமும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. வயதானால் காது முதலில் இழப்பதும் அந்த மேல்பகுதியைத்தான். ‘பத்து’ என்றானா, ‘கத்து’ என்றானா, ‘சத்து’ என்றானா என்று தெரியாமல் போவது அதனால்தான். உயிர் கேட்கும், மெய் தொலைந்துவிடும். போதாததற்கு எங்கள் ஹாலில் வழவழப்பான டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. ஒலியை உறிஞ்ச ஏதுமில்லை. ஒரு உயிரெழுத்தின் வால் அடங்குவதற்குள் அடுத்த மெய் வந்து அதற்குள் மூழ்கிவிடுகிறது. தட்டை டிவியின் ஸ்பீக்கர் திரைக்கு முன்னால் பேசுவதே இல்லை. கீழே பார்த்துத் தரையில் அடிக்கிறது. சோபாவுக்கு நேர் ஒலி கொஞ்சமாவது வரும். ஓரத்து நாற்காலிக்கு வருவதில் பெரும்பகுதி சுவரிலும் தரையிலும் பட்டுச் சிதறியது. அதற்கு மேல் ஃபேன் சத்தம். சத்தத்தைக் கூட்டினால் உயிரும் எதிரொலியும்தான் கூடும், மெய் வந்து சேராது.

இரவு கிராஃப் தாள்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு மாதத்தில் ஆறு தாள். சோபா இருந்தது. டிவி இருந்தது. செருப்பு ஸ்டாண்டு, ஃபேன், பீம், கதவு திறக்கும் வளைவு வரை போட்டிருந்தேன். ஒயர் நாற்காலி ஒன்றிலும் இல்லை. எல்லாத் தாளிலும் காம்பஸ் முனை குத்திய ஓட்டை ஒரே இடத்தில் இருந்தது. சோபாவில் நான் உட்காரும் இடம்.

மகளிடம் அழிப்பான் வாங்கினேன். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன்.

மேற்குச் சுவர்

முதலில் நாற்காலியை வரைந்தேன். அம்மா ஏன் அந்த மூலையைப் பிடித்தார் என்பது வரைந்ததும் புரிந்தது. அங்கிருந்து வாசல் தெரியும், யார் கேட்டைத் திறந்தாலும் தெரியும். கழுத்தைத் திருப்பினால் சமையலறையில் பால் பொங்குவது தெரியும், மாடிப்படியில் யார் ஏறி இறங்கினாலும் தெரியும். ‘ட’வின் இரண்டு கைகளையும் ஒருசேரப் பார்க்க முடிகிற இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். அங்கிருந்து கோடு இழுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மேற்குச் சுவர் முழுவதும், ஹாலின் பகுதியும் சாப்பாட்டு இடத்தின் பகுதியும் சேர்ந்து 21 அடிக்கு மேல், மறைப்பில்லாமல் அந்த நாற்காலிக்கு எதிரே நிற்கிறது. டிவியை வடக்கிலிருந்து மேற்குக்கு மாற்றி, சோபாவை ஹாலின் குறுக்கே போட்டால் சோபாவும் நாற்காலியும் ஒரே வரிசையில் வருகின்றன. அதற்கு மேல், சாப்பாட்டு இடத்தின் திறப்பு சோபாவுக்கு முன்னால் போய்விடுகிறது. சோபாவுக்கு இருபுறமும், சற்றுப் பின்னால், 110 டிகிரி எங்கே வருகிறதோ அங்கே சுவர் இருக்கிறது. வலப்பக்கம் வடக்குச் சுவர், இடப்பக்கம் தெற்குச் சுவர். நான்கு மாதம் தேடிய இரண்டு சரவுண்டு இடங்களும் அறையை 90 டிகிரி திருப்பியதும் கிடைத்துவிட்டன.

மனைவி தாளைப் பார்த்ததும் கேட்டாள்: "சோபா வாசலுக்கு முதுகு காட்டிட்டு இருந்தா, பத்திரிகை வைக்க வர்றவங்க என்னங்க நெனைப்பாங்க?" இது சின்னக் கேள்வி இல்லை. எங்கள் ஊரில் ஹால் என்பது வருகிறவர்களுக்கானது. தாம்பாளத்தோடு வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சோபா கிடந்தால் அது தவறுதான். வாசலை அடுத்த 6 அடியை வரவேற்பு இடமாக ஒதுக்கினோம். இரண்டு மர நாற்காலி, ஒரு சிறிய மேசை, கிழக்குச் சுவரோரம் புத்தக அலமாரி. பின்சுவரில் பட்டு வரும் ஒலியைப் புத்தகங்கள் உடைத்துச் சிதறடிக்கின்றன என்பது கூடுதல் லாபம். அம்மாவும் நாற்காலியை முழுசாக மேற்கே திருப்பவில்லை. வடமேற்கைப் பார்த்து, வாசல் கடைக்கண்ணில் தெரியும்படி சாய்வாகப் போட்டுக்கொண்டார். அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அடுத்தது நடு ஸ்பீக்கர். இதில்தான் பணத்தைப் போட வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவைக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கத்துக்கு அனுப்பிக் காட்டினார்கள். இரண்டு தடம் அல்ல, மூன்று தடம். இடது, நடு, வலது. இரண்டு மட்டும் வைத்தால் நடுவில் கேட்பதுபோலத் தோன்றும் ஒலி, ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்து ஸ்பீக்கருக்குள் சரிந்துவிடும். முதலில் எட்டும் ஒலியைத்தான் காது திசையாக எடுத்துக்கொள்ளும். நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் இருந்தால் எந்த நாற்காலிக்கும் குரல் திரையிலிருந்துதான் வரும். திரையரங்கில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலிருக்கும் அந்த நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. வீட்டு டிவி அதை இடது, வலது இரண்டிலும் பங்கு போட்டு, இசைக்கும் வெடிக்கும் நடுவே பிசைந்து தருகிறது.

நடு ஸ்பீக்கர் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் படுத்த வடிவம். நடுவில் சிறியது ஒன்று, இருபக்கமும் பெரியது இரண்டு. நேரே உட்கார்ந்தால் அருமையாக இருக்கும். பக்கவாட்டில் நகர நகர, அந்த இரண்டு பெரிய கூம்புகளின் ஒலியும் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று தின்னும், அதுவும் குரல் இருக்கும் இடத்திலேயே. அம்மாவின் நாற்காலி மையக் கோட்டிலிருந்து 20 டிகிரி தள்ளி இருக்கிறது. அதனால் நடுவுக்கும் இடது, வலது போலவே நிற்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரையே வைத்தேன். சரவுண்டுக்கும் அதே ஸ்பீக்கர். ஜோடியாகத்தான் விற்பார்கள் என்பதால் ஐந்துக்காக ஆறு வாங்க வேண்டியிருந்தது. ஆறாவது கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு இருக்கிறது. நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே நிற்கிறது. காதை நோக்கிச் சற்று அண்ணாந்திருக்கும்படி முன்பக்கம் இரண்டு மரச் சக்கை. 55 அங்குல டிவி 10.5 அடியிலிருந்து கொஞ்சம் சிறிதாகத்தான் தெரிகிறது. 30 டிகிரி நிறைய வேண்டுமென்றால் ஏழரை அடியில் உட்கார வேண்டும். படம் பிறகு பெரிதாகட்டும்.

வயர் ஓட்ட வந்த எலக்ட்ரீசியன் தம்பி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கொத்துனா பழைய பூச்சு பாளம் பாளமா வந்துருமுங்க. கேசிங்லயே ஓட்டிக்கலாமுங்க" என்றார். வலது சரவுண்டுக்கு வடக்குச் சுவரோரமாக 22 அடி. இடது சரவுண்டுக்குப் பீமின் மேல் ஏறி இறங்க வேண்டியிருந்ததால் 42 அடி. ஒரு வயர் நீளமாக இருந்தால் ஒலி பிந்துமோ என்று கேட்டார். பிந்தாது. கம்பியில் போவது மின்சாரம், அதற்கு 20 அடி ஒரு தூரமே இல்லை. தடிமன்தான் முக்கியம், 14 கேஜ் தாமிரம் போட்டோம். சிவப்பும் கறுப்பும் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டது. இரண்டு நாள் பாட்டெல்லாம் சதையில்லாமல், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் ஒலித்தது. வலது முன் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போனால் முதலில் அதைப் பாருங்கள்.

செங்கலும் சப்வூஃபரும்

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளுக்கானது. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். தாழ்ந்த ஒலி பட்டால் பலகை கொஞ்சம் அசைந்து அதை வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் வெளியேயும் விடும். நம்முடையது 9 அங்குலச் செங்கல் சுவர். அது அசையாது, அடிக்கிற பேஸை அப்படியே திருப்பி அனுப்பும். சில அலைவரிசைகளில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை நகராமல் நின்று, ஓரிடத்தில் முழங்கும், ஓரிடத்தில் அடங்கும். 18 அடி நீளத்துக்கு 31 ஹெர்ட்ஸ், சுமார் 11.5 அடி அகலத்துக்கு 49, 10 அடி உயரத்துக்கு 56. மடக்கும் கோணலும் இருப்பதால் கணக்கு அச்சாகப் பொருந்தாது என்றாலும், காது கிட்டத்தட்ட இதையே சொன்னது. முதலில் சோபாவை 9 அடியில், அதாவது நீளத்தின் சரிபாதியில் போட்டிருந்தேன். நாற்காலியோடு வரிசை அங்கேதான் கச்சிதமாக இருந்தது. ஆனால் அந்த 31 ஹெர்ட்ஸ் அலை நடுவில் செத்துப்போகும், சுவரோரம் முழங்கும். அம்மாவின் நாற்காலியையும் சோபாவையும் ஒன்றரை அடி பின்னுக்கு நகர்த்தியதும் அடிவயிற்றில் அதிரும் பேஸ் திரும்பக் கிடைத்தது.

சப்வூஃபருக்கு இடம் தேடும் பழைய முறை ஒன்று உண்டு. கேட்கிற இடத்தில் அதை வைத்துவிட்டு, அது வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் நாம் போய்த் தரையோடு தலையை வைத்துக் கேட்பது. சோபா மேல் சப்வூஃபர் உட்கார்ந்திருக்க, நானும் மகளும் சுவரோரமாகத் தவழ்ந்தோம். வாசல் மூலையில் எல்லா சுரமும் ஒரே கொழகொழப்பு. மாடிப்படிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. மேற்குச் சுவரில், டிவி ஸ்டாண்டுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஓரிடத்தில் மகள் நின்று, "இங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குதுப்பா" என்றாள். அங்கேயே வைத்தோம். இரண்டங்குல ஃபோம் ஒட்டினால் பேஸ் அடங்கும் என்று நம்பாதீர்கள். 31 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 36 அடி, அதில் கால்பங்கே 9 அடி. இரண்டங்குலம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மேல் ஒலிக்கு அப்படியில்லை, துணி அதற்குப் போதும். இடப்பக்கம் திறப்பு இருந்ததால் அங்கே முதல் எதிரொலி இல்லை, வலப்பக்கச் சுவரில் மட்டும் இருந்தது. அதனால் குரல் வலப்பக்கம் கொஞ்சம் பளபளத்தது. மகள் கண்ணாடியைச் சுவரோடு வைத்து நகர்த்திக்கொண்டே போக, சோபாவிலிருந்து அதில் வலது முன் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பென்சிலில் குறித்தேன். அந்த இடத்தில் கனத்த திரைத்துணி, சுவர் அகலத்துக்கு இரண்டு மடங்கு எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். ஈரோட்டில் இருந்துகொண்டு துணிக்கு யோசிக்க வேண்டியதில்லை. தரைக்குப் பவானி ஜமக்காளம், அதன் மேல் ஒரு தடித்த விரிப்பு. ஜமக்காளம் மட்டும் மெல்லியது, உச்ச ஒலியை மட்டுமே தொடும். இவ்வளவுக்கும் நடுவே ஒன்று கவனித்தேன். மகளின் அறை சுத்தமான செவ்வகம். அங்கே கை தட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடும். ஹாலில் துணி போடுவதற்கு முன்பேகூட அது இல்லை. அப்பாவின் கோணல் சுவர் 18 அடியில் ஒன்றரை அடி விலகிப் போவதால் வடக்கும் தெற்கும் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஒலி அங்குமிங்கும் ஓடிச் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிப் போய்விடுகிறது. மனையின் குறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சுவர், இந்த ஹாலின் ஆகச்சிறந்த சுவர்.

ரிசீவரோடு வந்த மைக்கை எட்டு இடத்தில் வைத்து அளந்தேன். முதலில் வைக்கும் இடத்தை அடிப்படையாகக் கொண்டுதான் அது தூரங்களையும் அளவுகளையும் கணக்கிடும். முதல் இடத்தைச் சோபாவின் தென்கோடியில், நாற்காலியை ஒட்டி வைத்தேன். இரண்டாவது நாற்காலியில். நான் உட்காரும் இடம் நான்காவதாக வந்தது. இடது சரவுண்டு அம்மாவின் தலைக்கு மிக அருகில் இருந்ததால் 7 அடி உயரத்தில் மாட்டி, அவரைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்க்கத் திருப்பி, 2 டெசிபல் குறைத்தேன். நடு ஸ்பீக்கரை 2 டெசிபல் கூட்டினேன். இரவுக்கு, உரத்ததை அடக்கி மெல்லியதைத் தூக்கும் அமைப்பையும் போட்டுவிட்டேன். கலைஞர்கள் கலந்த கலவையை அப்படி நசுக்குவது சரியில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் யாரும் இல்லைபோலும் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு வசனம் வேண்டும். எல்லாம் சேர்த்து 1.25 லட்சத்துக்குள் முடிந்தது.

முதல் இரவு அம்மா உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சத்தம் கூட வெச்சிருக்கியா கண்ணு?" என்றார். "இல்லம்மா, முன்னைக்குக் கொறைச்சுத்தான் வெச்சிருக்கறேன்" என்றேன். ஒரு மணி நேரம் போயிற்று. நான் படத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா திரும்பினார். "இவன் யாரு, மொதல்ல ஊருக்கு வந்தவனா?" "இல்லம்மா, அவன் தம்பி." "அதான பாத்தேன், இவம் பேச்சு வேற மாதிரி இருக்குதேன்னு." அந்த இரண்டு நடிகர்களின் பேச்சிலும் இருந்த வித்தியாசத்தை நான் கவனித்திருக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் பழைய கேள்வி இரண்டு மூன்று தடவை தலைகாட்டியது. காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் ஃபோனில் அளந்தால் நாற்காலிப் பக்கம் ஐந்தில் 52 டெசிபல், இரண்டில் 41 காட்டியது. மெய்யெழுத்துகளை அந்தக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. சத்தம் குறைந்த மோட்டார் உள்ள ஃபேன் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. போன வெள்ளிக்கிழமை இரவு நல்ல புழுக்கம். படத்தில் கிழவர் ஒருவர் மகனிடம் தாழ்ந்த குரலில் நிலத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் ரிமோட்டைத் தேடினேன். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அத விடு. ஃபேனக் கொறை கண்ணு. வேர்த்தா வேர்க்கட்டும்."